கைவைத்த நாற்காலிப் பெரும்போர்

வாழ்க தறிக்குழி வேந்தன்! வாழ்க பிள்ளையார்பாளையத்துப் பெருந்தொடையான்! இடக்கால் மிதித்தால் மயிலும் வலக்கால் மிதித்தால் அன்னமும் பட்டில் எழுந்து நிற்கும் என்று பெரிய காஞ்சிபுரத்துக் கடைவீதியெல்லாம் போற்றும் மிதிப்பலகை மன்னவன், இழையோட்டும் தறிநாடா எறிவதில் மின்னல், இட்லியை வாய்க்குள் எறிவதில் அதனினும் கடிய மின்னல், நாற்பதைத் தாண்டியும் நரைக்குச் சாயம் பூசாத நேர்மையாளன், பூசுவதென்றால் எதிரியின் தொட்டியிலிருந்து அல்லவா சாயம் வாங்க வேண்டும் என்பதற்காகவே பூசாதவன் என்று சில பொல்லாத வாய்கள் சொல்லும், அந்தப் பொல்லாத வாய்களையும் சேர்த்துக்கொண்டே சொல்கிறேன், கோதண்டபாணி வாழ்க!

எந்த மண்ணுக்காக அவன் படை திரட்டினான், எந்தப் பெண்ணுக்காக வில் வளைத்தான் என்று கேட்பீர்கள். மண்ணுமில்லை, பெண்ணுமில்லை. நாற்காலி. முழுக்கதையையும் இங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். எதிர்வீட்டில் கேட்டால் பாதியை முழுங்கிவிட்டு மீதிக்குக் காது மூக்கு வைப்பார்கள்.

எங்கள் தெருக்கோடியில் அறிவொளிப் படிப்பகம் என்று ஒன்று உண்டு. ஊரில் டி.வி. என்ற சொல்லே காதில் விழாத எழுபதுகளின் தொடக்கம் அது. படிப்பகத்தில் ஆடுகிற பெஞ்சுகள் இரண்டு, ஆடாத ரேடியோ ஒன்று, சுற்றினால் முனகும் மின்விசிறி ஒன்று. இவற்றுக்கு நடுவே, விண்மீன் கூட்டத்து முழுமதி போல, யானைப்படை நடுவே பட்டத்து யானை போல, பந்தியில் பாயசம் போல வீற்றிருந்தது அந்தக் கைவைத்த நாற்காலி. தேக்கில் இழைத்து, பிரம்பில் பின்னி, சாய்ந்தால் தாங்கி, நிமிர்ந்தால் வருந்தும் பேரிருக்கை. மேலே பார்த்தால் விசிறி, எதிரே பார்த்தால் ரேடியோ, இடப்பக்கம் திரும்பினால் சன்னல். அந்தச் சன்னல் வழியே யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், வந்தவர்கள் பையில் என்ன இருந்தது என்பதெல்லாம் தெரியும். அதை நான் பெரிதாக எண்ணுவதில்லை. எண்ணுகிறவர்கள் எண்ணிக்கொள்ளட்டும்.

சிரிக்காதீர்கள். குழித்தறியில் இறங்கி உட்காருகிறவனுக்குக் கால் தொங்கப் பள்ளம் உண்டு, கை ஓட நாடா உண்டு. முதுகு சாய மட்டும் மூவுலகிலும் ஓரிடமில்லை. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை வில்லாய் வளைந்த அந்த முதுகை மாநிலச் செய்தி முடிகிற வரைக்குமாவது எங்கேனும் சாய்க்க வேண்டும் என்பதே கோதண்டபாணியின் ஒரே ஆசை. தன் கல்யாணத்துக்கு முந்தியே அவன் அதில் சாய ஆரம்பித்தவன். பிரம்பின் நடுவே அவன் வடிவிலேயே ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

அந்தப் பள்ளத்தில் ஒருநாள் மாலை வேறொருவன் அமர்ந்திருந்தான்!

அவன் பூவராகவன். சாயத்தொட்டிச் சக்கரவர்த்தி. முழங்கை வரை மாம்பழ மஞ்சளும் அதற்கு மேல் அரக்குச் சிவப்புமாக, அந்தி வானத்தையே சட்டையாய்த் தைத்துப் போட்டவன் போல் திகழ்பவன். கொதிக்கும் அண்டாவின் முன் பகலெல்லாம் நின்று, பட்டு நூல் சிட்டங்களை முக்கி எடுத்து முறுக்கிப் பிழியும் மல்லன். காலையில் தரையில் வைத்த பாதத்தை மாலையில்தான் எடுப்பான். அவனுக்கும் ஓர் ஆசை இருக்காதா?

"எழுந்திருபா. அது என் எடம்."

"உன் எடம்னு அது முதுகுல எழுதியிருக்குதா? நாளெல்லாம் உக்காந்துக்கினுதானே இருக்கறே. இன்னும் இன்னாத்துக்கு உனக்கு நாற்காலி?"

"உக்கார்றது வேற, சாயறது வேற. உன்னுது நின்னு பழகுன காலு. அப்படியே ஓரமா நின்னு கேளு, செய்தி காதுல விழும்."

இவ்வாறு சொல்லம்புகள் பறக்க, தறிக்காரர் ஒரு பக்கமும் சாயக்காரர் மறுபக்கமுமாகத் தெரு இரண்டுபட்டது. மாமியார்கள் அணி பிரிந்தனர். தேங்காய்ச்சட்னி கடன் கொடுப்பது நின்றது.

அப்போது எழுந்தார் படிப்பகத் தலைவர் அப்பாதுரை. சோடாக்கடைக் கோமான், நீதி வழங்குவதில் தன் கடை இஞ்சி சோடாவைப் போலவே காரமும் நுரையும் ஒருங்கே வாய்ந்தவர். பழைய பேப்பர்க் கட்டில் வந்த ஏதோ வெள்ளைக்காரப் பத்திரிகையில் ஒரு படத்தை அவர் பார்த்திருந்தார். ஈரக் காற்சட்டையோடு ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறான். கீழே எழுதியிருந்தது அவருக்குப் புரியவில்லை. ஆனால் அந்த நாட்டில் வழக்கு வந்தால் இப்படித்தான் தீர்த்துக்கொள்கிறார்கள் என்பது மட்டும் பளிச்சென்று புரிந்துவிட்டது. மேசையைத் தட்டி முழங்கினார்:

"படிப்பக உறுப்பினர்களே, கேளுங்கள்! தை மாதக் கடைசி ஞாயிறன்று தாமல் ஏரியின் மதகடியில் நீரில் பாய்ந்து, உபரிநீர் வழியும் கலங்கல் வரை நீந்தி, கரையேறிச் சைக்கிள் மிதித்து, ஏகாம்பரநாதர் கோபுரத்தடியில் சைக்கிளைப் போட்டுவிட்டு, அங்கிருந்து ஓடிவந்து, இந்த நாற்காலியில் எவர் முதலில் உட்காருகிறாரோ அவருக்கே இது உரியது! உயிருள்ளவரை உரியது! அதுவரை எவரும் இதில் அமரலாகாது!"

சொல்லிவிட்டு, பாவுக் கயிற்றால் நாற்காலியைச் சுற்றிக் கட்டியும் விட்டார். மூலையில் பெருக்கிக்கொண்டிருந்த லோகாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். படிப்பகத்தைக் கூட்டி, பானையில் தண்ணீர் நிரப்பி, சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருப்பவள் அவள்.

"நாற்காலி இங்கதானே இருக்குது? இதுல உக்கார்றதுக்கு எதுக்குபா தாமல் போய் வரணும்?"

பெருங்காரியங்கள் நடக்குமிடத்தில் இதற்கெல்லாம் யார் பதில் சொல்வார்கள்? அவள் மறுபடி குனிந்து பெருக்கினாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நெடுக்கிழைகளைத் தெருவில் பாவாக நீட்ட வழியின்றித் தறிகள் பாதி ஓய்ந்தன. தெருவிலுள்ள கால்கள் எல்லாம் போர்வைக்குள் மடங்கின, கோதண்டபாணியின் கால்கள் தவிர. விடியலில் சர்வதீர்த்தக் குளத்தில் குதித்தான். படித்துறையில் துணி துவைத்த பெண்கள் புடவைகளை வாரிக்கொண்டு ஓடினர். வெயில் ஏறியதும் ஏனாத்தூர்ச் சாலையில் சைக்கிளேறிப் போய் வந்தான். மாலையில் ராஜவீதிகள் நான்கையும் சுற்றி ஓடினான். தேருக்கு வழிவிடுவது போல் மாடுகள் ஒதுங்கி நின்றன. இவன் ஒரு சுற்று ஓடினான் என்ற சேதி பூவராகவன் காதுக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தது. அவன் இரண்டு சுற்று ஓடினான். அதுவும் இவன் காதுக்கு எப்படியோ வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் காற்றுக்கும் வாயுண்டு என்று சொல்வார்கள். காற்றின் பேரில் பழியைப் போட்டுவிட்டால் யாருக்கும் மனஸ்தாபமில்லை.

மூன்று சுற்று, நான்கு சுற்று என்று போர்முரசம் ஏற ஏற, கோதண்டபாணியின் முழங்கால் பூசணிப் பிஞ்சாய் உருண்டது. கெண்டைக்கால் நரம்பு வீணைத் தந்தியாய் விம்மியது. தோள்பட்டை, தூக்கும்போதெல்லாம் கோயில் கதவு திறக்கும் சத்தத்தைப் போட்டது. தறியில் உட்கார்ந்தால் இடக்கால் மிதியை ஏற்க மறுத்தது. கரைப்பக்கம் உட்கார்ந்து நாடா வாங்கிப் போடும் மனைவி ரேணுகாம்பாள் முதலில் பொறுத்தாள், பிறகு பொருமினாள், கடைசியில் வெடித்தாள்.

"இன்னாங்க, கரை ஒதுங்கிக்கினே போவுது பாருங்க. முகூர்த்தப் பொடவைங்க இது. கட்டிக்கிற பொண்ணு நம்பள வாழ்த்துமா? காலுக்கு ரெண்டு நாள் லீவு குடுங்க."

"போர்க்களம் போறவனுக்கு லீவு ஏதுடி?"

"அமாவாசை வந்தா தறிய நிறுத்திட்டு காலாட்டிக்கினு உக்கார்றீங்க இல்ல? மரக்கட்டைக்கே மாசத்துக்கு ஒரு அமாவாசை இருக்குது. உங்க முட்டிக்கு ஒண்ணு கெடையாதா?"

காஞ்சியில் தறிபோட்ட நாள் முதல் இதைவிடப் பெரிய ஞானம் எந்த வீட்டிலும் உதித்ததில்லை. ஆனால் வீட்டில் உதிக்கும் ஞானத்துக்கு எந்த வீரன் செவிசாய்த்தான்? அந்த அமாவாசையன்று ஊர்த்தறிகள் எல்லாம் வாய்மூடிக் கிடக்க, அவன் ஒருவன் மட்டும் வீதிகளை ஐந்து சுற்று சுற்றினான். ஐந்தாம் சுற்றில் நொண்டினான் என்பதை நான் சொல்லவில்லை, பூக்கடையில் சொன்னார்கள்.

வலி மிகுந்தது. எலும்பு கட்டும் வைத்தியர் தடவிப் பார்த்து, "தை முடியறவரைக்கும் ஓடாதே, நீந்தாதே, சைக்கிளத் தொடாதே" என்றார். வேறொருவனாயின் அடங்கியிருப்பான். இவனோ தறிக்காரன்! தறிக்காரனுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது என்பது தெரியாதா? அறுந்து அறுந்து போகும் பட்டிழையை என்ன செய்கிறோம்? கஞ்சியில் தோய்க்கிறோம், தெருவில் நீட்டுகிறோம், இழுத்துக் கட்டி வெயிலில் காயவைக்கிறோம். இழை இரும்பாகிறது. கோதண்டபாணியின் நெற்றிப்பொட்டில் ஒரு பேரொளி பிறந்தது. வீட்டு வாசலில் நின்று பிரகடனம் செய்தான்:

"இழைக்கு எது நன்மையோ அதுவே நரம்புக்கும் நன்மை! என் காலே பாவு! வெயிலே மருந்து! வடித்த கஞ்சியைக் கொண்டு வா!"

அவ்வண்ணமே, பொங்கல் கழிந்த ஒரு வெள்ளை வெயிலில், பாவு நீட்டும் முளைக்கும் வீட்டுத் தூணுக்கும் இடையே அந்தப் பெருவீரன் கிடத்தப்பட்டான். அக்குளில் கட்டிய கயிறு தூணில். கால் கட்டைவிரலில் கட்டிய கயிறு முளையைச் சுற்றி அவன் கைக்கே திரும்பிவந்தது, வேண்டும்போது தானே இறுக்கிக்கொள்வதற்காக. தொடை முதல் பாதம் வரை கஞ்சி. அது காயக் காயத் தோல் சுருங்கி, மயிர் விறைத்து, கால் இரண்டும் புதுப்பாவு போல் பளபளத்தன. எறும்புச் சேனை அணியணியாய் வந்து பாதக்கோட்டையை முற்றுகையிட்டது. ஈப்படை வானிலிருந்து பொழிந்தது. வீரன் அசைந்தானா? இல்லை. ரேணுகாம்பாள் மட்டும் தலையிலடித்துக்கொண்டாள்.

"ஐயோ, தெருவே பாக்குதுங்க. முட்டியில பருக்கை ஒட்டிக்கினு இருக்குது, தொடைச்சுக்கினாவது படுங்க."

துடைத்திருக்கலாம். விதி விடவில்லை. அந்த நேரம் பார்த்து, பூவராகவன் நேற்று ஆறு சுற்று ஓடினானாம் என்ற சேதியைக் காற்று கொண்டுவந்தது. "இன்னும் ஒரு பிடி!" என்று கர்ஜித்துக் கயிற்றை இறுக்கினான் கோதண்டபாணி. நரம்புகள் நாணேறின. அதே கணத்தில், பக்கத்து வீட்டுச் சாம்பல் நிறப் பெட்டைக்கோழி, பல நாள் பகை முடிக்க வந்த படைத்தலைவி போல மெல்ல மெல்ல நடந்துவந்து, கழுத்தைச் சாய்த்து, குறிபார்த்து, முழங்காலில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையின் மேல் தன் அலகம்பைத் தொடுத்தது.

துள்ளினான் வீரன். தொடையின் பின்புறம் சுளீரென்றது. அந்த ஓலத்தில் தெருப்புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்து கோபுரத்தில் போய் உட்கார்ந்தன. இடக்கால் நீட்டியது நீட்டியபடி நின்றது. மடிக்கச் சொன்னால், உத்தரத்தை மடிக்கச் சொன்னது போல் பார்த்தது.

இவன் நிலை இதுவென்றால் பூவராகவன் என்ன வெண்ணெயா தின்றுகொண்டிருந்தான்? அவன் சாயக்காரன், அவன் சாத்திரம் வேறு. பட்டுக்கு நிறம் நிற்க வெந்நீரில் முக்கித் தண்ணீரில் அலசி, கட்டையில் மாட்டி முறுக்கிப் பிழிவதைப் போலவே, அவனும் வெந்நீரிலும் தண்ணீரிலும் மாறிமாறி முங்கி எழுந்தான். பிறகு வேலையாட்கள் ஒருவன் தோளையும் ஒருவன் இடுப்பையும் பிடித்து எதிரெதிரே திருக, "நல்லா முறுக்குங்கபா, சோம்பல் சொட்டுச் சொட்டா எறங்கணும்!" என்று ஆணையிட்டான். தினமும் ஒரு திருகு கூடியது. ஒருநாள் கடக்கென்றது. அன்றிலிருந்து அவன் பாதங்கள் கிழக்கே நின்றால் முகம் வடக்கே நின்றது. குனியவும் இல்லை, நிமிரவும் இல்லை.

இருவரும் விலகியிருக்கலாமே என்பீர்கள். விலகினால் நாற்காலி போகும். போனால் வாழ்நாளெல்லாம் ஆடுகிற பெஞ்சு. ஆகவே, எவனுக்கும் எதுவும் ஆகவில்லை என்று இரு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள்.

வந்தது தை கடைசி ஞாயிறு! தாமல் ஏரிக்கரையில் பிள்ளையார்பாளையம் திரண்டது. நீர் தளும்ப, நாரை பறக்க, எருமைகள் இடம்பிடித்து அமர, அப்பாதுரை கோலி சோடாவை உயர்த்திக் கட்டைவிரலால் அடித்தார். டப்பென்ற அந்த ஒலியே போர்ச்சங்கு! பாய்ந்தனர் இருவரும். பாய்ந்தனர் என்பது மரியாதைக்குச் சொல்வது. மதகுப் படியில் பிடித்து இறக்கிவிட்டார்கள். இடுப்பு முறுக்கிய பூவராகவன் நேரே நீந்த முயன்று வட்டமடித்தான். ஒற்றைக்காலால் உதைத்த கோதண்டபாணி எதிர்ப்புறமாய் வட்டமடித்தான். கிரகங்கள் இரண்டு வானில் சந்திப்பதைப் போல இருவரும் நடுவில் மோதி, வைது, விலகி, மறுபடி மோதினர். கலங்கலை இவர்கள் அடைந்தார்களா, கலங்கல் இரங்கி இவர்களை அடைந்ததா என்று இன்றுவரை சண்டை தீரவில்லை. கடைசியில் எழுந்த எருமையும் கரையேறிப் போனபிறகே இவர்கள் கரையேறினர்.

அடுத்தது சக்கரப்போர். கோதண்டபாணி வலக்காலால் மிதிக்க, மடங்காத இடக்கால் கோட்டைக் கதவை இடிக்கப்போகும் யானைத் தந்தமாய் முன்னே நீண்டு சென்றது. பூவராகவனோ சைக்கிள் போகிற திசையைப் பார்க்கவே இயலாதவன். பக்கவாட்டுக் கழனிகளையும் வேப்பமரங்களையும் பார்த்துப் பார்த்து, சாலை எங்கே போகிறது என்பதை ஊகித்துக்கொண்டே ஊர்ந்தான். வேலூர் லாரிகள் அலறி ஒதுங்கின. ஒரு டிரைவர் வண்டியை நிறுத்தி, "இன்னாபா, சர்க்கஸ் எந்த ஊர்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கோபுரத்தடியில் சைக்கிள்கள் சரிந்தன. ஓட்டம் தொடங்கிற்று. தண்ணீர்க்குடத்தோடு போன பெண்கள் இவர்களைத் தாண்டிச் சென்றனர். கூட்டம் முன்னால் போய்ப் படிப்பகத்தில் காத்திருந்தது. அப்போது குறுக்கே வந்தது ஒரு தடை: தெரு அடைத்து யாரோ பாவு நீட்டியிருந்தார்கள். நீட்டிய பாவைத் தாண்டுவதா? தலை போனாலும் தறிக்காரன் தாண்டமாட்டான், சாயக்காரனும் தாண்டமாட்டான். இரண்டு பகைவரும் ஒரே நேரத்தில் நின்றனர், ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டனர், சுற்றுவழியாகச் சந்துக்குள் திரும்பினர்.

சந்தில் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். சந்துக்கும் சன்னல் உண்டு.

"தோளக் குடுபா கொஞ்சம். கால் இழுக்குது."

"மெதுவா, மெதுவா. எதிர்ல மாடு எதுனா வருதா பாத்து சொல்லு, எனக்குச் செவுருதான் தெரியுது."

இவன் தோளில் அவன் கையும், அவன் தோளில் இவன் கையுமாக அந்தச் சந்தைக் கடந்தார்கள். முனை வந்ததும் உதறிக்கொண்டு, மீசையைத் தடவிக்கொண்டு, மீண்டும் பகைவராயினர்.

படிப்பகம் அதிர்ந்தது. கட்டவிழ்த்து, சந்தனம் தெளித்து, மாலை சூட்டி, நடுவே வைத்திருந்தார்கள் நாற்காலியை. விசிறி சுழன்றது. ரேடியோ பாடியது. முதலில் சேர்ந்தவன் கோதண்டபாணி! மூன்று மாதத் தவத்தின் பயன் இதோ, கைக்கெட்டும் தூரத்தில், அவன் வடிவிலேயே பள்ளம் விழுந்து காத்திருக்கிறது. திரும்பினான். குனிந்தான். இடக்கால் மடங்கவில்லை. மரம் சாய்வது போல் பக்கவாட்டில் சரிந்து, நாற்காலியின் கையைப் பிடித்துத் தப்பினான். பூவராகவன் வந்தான். உட்காரப் போனான். இடுப்பு வளையவில்லை, வளைந்தாலும் உடம்பு வேறு திசையில் உட்காரும் போலிருந்தது. அவன் மறுகையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உக்காருபா கோதண்டம்! உக்காரு!" என்றது தறிக்கூட்டம்.

"விடாதே பூவராகா, சாஞ்சுடு!" என்றது சாயக்கூட்டம்.

உலகில் எத்தனையோ அரியணைகளுக்காக எத்தனையோ பேர் மாண்டிருக்கிறார்கள். அடைந்தபின் உட்கார முடியாமல் நின்றவர்கள் இவர்கள் இருவரே. கருவறை வாயிலின் துவாரபாலகர் போல இடத்தில் ஒருவனும் வலத்தில் ஒருவனுமாக, வியர்வை அருவியாய் வழிய, மூச்சு துருத்தியாய்ப் பொங்க, கண்கள் மட்டும் பிரம்பின் மேல் ஏங்கிக் கிடக்க, இமயம் அசைந்தாலும் அசையோம் என்று நின்றுகொண்டே இருந்தனர். ரேணுகாம்பாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்பது தெரியவில்லை, சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். அப்பாதுரை விதியை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். முதலில் வந்தவருக்கு என்று அவர் சொல்லவில்லை, உட்கார்ந்தவருக்கு என்றே சொல்லியிருந்தார்.

கூட்டத்துக்காக விடிந்ததிலிருந்து தண்ணீர் சுமந்து நிரப்பிய லோகாம்பாள் அப்போது மடியில் கீரைக்கட்டும் இடுப்பில் கையுமாக உள்ளே வந்தாள்.

"இன்னாபா, உக்காரப் போறீங்களா இல்லியா?"

"முடியலமா," என்றான் கோதண்டபாணி.

"எனக்குந்தான்," என்றான் பூவராகவன், சுவரைப் பார்த்து.

"அப்ப நவுருங்க."

வானவர் மெய்மறந்து நிற்க, பூமாரி பொழிய மறக்க, எண்திசை யானைகளும் பிளிறலை விழுங்க, அறிவொளிப் படிப்பகத்தின் நடுவே, மாலை சூடிய அம்மாபெரும் பிரம்பாசனத்தில், மூன்று மாதம் இரு குலம் போராடிய அந்த மணிமுடி இருக்கையில், லோகாம்பாள் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள்.